கத்தி படாத பெரணி

மேடையில் அமர்ந்திருக்கும் மாவட்டத் தலைவர் அவர்களே! அலுவலகப் பெரியோர்களே! உன்சோங் சந்தையின் வணிகப் பெருமக்களே! முதல் வரிசையில் இருக்கும் மியோங்ரே அம்மையாரே, அவர் பெற்ற இரண்டு பெண்மக்களே! மறைந்த குழுத்தலைவர் பாங் கில்ஜூ அவர்களால் ஒரு தடவையாவது கடைப் பலகையைக் கழற்றி மாற்றி எழுத வைக்கப்பட்ட அத்தனை பேரே! கை தூக்க வேண்டாம். தூக்கினால் மண்டபம் முழுக்கத் தூக்க வேண்டியிருக்கும்.

அனைவருக்கும் என் வணக்கம். என் பெயர் யோம் ஓக்சூன். வயது எழுபத்தொன்று. சந்தையில் நாற்பது வருஷமாகக் காய்ந்த கீரையும் கூட்டு வகைகளும் விற்றவள். வணிகர் சங்கத்தின் தலைவி. குழுத்தலைவருக்குக் கீழே பதினெட்டு வருஷம் சம்பளமில்லாத கண்காணிப்பாளராக மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஊர் சுற்றியவள்.

அலுவலகத்தில் இரண்டு பக்கம் அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல எழுத்து. முதல் வரி என்ன தெரியுமா? "கண்களில் நீர் பெருக உங்கள் முன் நிற்கிறேன்." பாருங்கள் என் கண்ணை. நீர் இருக்கிறதா? இல்லை. நாற்பத்தொன்பது நாளாக இல்லை. உள்ளே இல்லாததை வெளியே எழுதி ஒட்டினால் அதற்கு என்ன பெயர் என்று இந்த ஊருக்கே சொன்னவர் அவர். அவர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நான் அதைப் படிக்கலாமா? மன்னியுங்கள், தாளை மடித்து வைத்துவிட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை என்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிலர் பேசியும் இருப்பீர்கள். குளிர்காலம் தொடங்கும்போது கிம்ச்சி ஊறுகாய் போட உப்புத் தண்ணீரில் கோஸ் அலசுகிறோமே, முதலில் விரல் வலிக்கும். அப்புறம் வலிப்பதும் நின்றுவிடும். விரல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சங்கக் கூட்டத்தில் சண்டை போடுகிறேன். ஒன்றும் உறைக்கவில்லை.

பாங் கில்ஜூ! முப்பத்தோரு வருஷம் இந்த மாவட்டத்தின் உணவுப் பொருள் பிரிவில் வேலை பார்த்த மனிதர். எது எந்த ஊரில் விளைந்தது என்று எழுத வை, எழுதியது உண்மையா என்று பார், பொய்யானால் வழக்குப் போடு. இவ்வளவுதான் அவர் வேலை. கேட்க எவ்வளவு சிறியது! செய்து பார்த்தவர் எத்தனை பேர்? வருகிற டிசம்பரில் ஓய்வு பெற வேண்டியவர். சூசோக் அறுவடைப் பண்டிகைக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, பண்டிகைச் சோதனைக்கென்று வந்து, சந்தை வாசலில் காரை நிறுத்தினார். இறங்கவில்லை. பூண்டுக் கடைக்காரர் போய்க் கண்ணாடியைத் தட்டியபோது வண்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பெட்டி. திறக்காத பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் எத்தனை சாப்பாட்டுக் கடை! எந்தக் கடையிலாவது அவர் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவர் உண்டா? இல்லை! வெயிலோ பனியோ, பேருந்து நிலையத்து இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, மனைவி மியோங்ரே கட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டார். ஒருநாள் நான் கேட்டேன்.

"ஏன் தம்பி, ஊர்ல இருக்கறவன் எல்லாம் வெஷமா வெக்கறான்?"

"வெஷமில்லக்கா. எனக்குன்னா ரெண்டு துண்டு கறி கூடப் போடுவாங்க. நன்னி மறக்கக் கூடாதில்ல? அதான் திங்கறதே இல்ல."

இரண்டு துண்டு கறி அல்ல, ஒரு சின்ன ஆரஞ்சுப் பழம் கொடுத்தாலும் வாங்க மாட்டார். இதை நினைவில் வையுங்கள். ஆரஞ்சுக்குத் திரும்ப வருவேன்.

அவர் சோதனை போடும் விதம் உங்களுக்கெல்லாம் தெரியும். சாப்பாட்டுக் கடையில் கறி எந்த நாடு, அரிசி எந்த நாடு, கிம்ச்சி எந்த நாடு என்று பலகை தொங்க வேண்டும். சட்டம் சொல்கிறது, தொங்குகிறது. எங்கே தொங்குகிறது? குளிர்பெட்டிக்கு மேலே, காலண்டருக்குப் பின்னால், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்! இவர் என்ன செய்வார்? உள்ளே வந்து, வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் தன் பெண்ணையே அடையாளம் தெரியாத கண் அவருக்கு. அந்தக் கண்ணால் பலகையைப் பார்ப்பார். படிக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால், "தெரியலியே, பெருசா எழுதுங்க" என்பார். எத்தனை பேர் மனசுக்குள் திட்டியிருப்பீர்கள்! நான் வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

அவர் திட்டு வாங்கியவர் மட்டும்தானா? எழுதப் படிக்கத் தெரியாத வியாபாரிகளுக்கு அட்டை எழுதிக் கொடுத்தது யார்? ஐந்து நாளுக்கொருமுறை கூடும் நம் சந்தையில் இன்றைக்கும் போய்ப் பாருங்கள். பூண்டு, உன்சோங். எள், சீனா. இறால், வியட்நாம். பாதி அட்டை அவர் கையெழுத்து. தடித்த தூரிகைப் பேனா, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்த எழுத்து. எள்ளுக்காரர், "சீனான்னு போட்டா எவன் வாங்குவான்?" என்று கெஞ்சியபோது இவர் சொன்னதை நான் பக்கத்துக் கடையிலிருந்து கேட்டேன். "சீனான்னு எழுதறதுல வெக்கம் ஒண்ணுமில்ல மாமா. அங்கயும் ஒருத்தன் வெயில்ல நின்னுதான் வெளைய வெச்சான்." அந்த எள் இன்றைக்கும் விற்கிறது. அட்டையும் தொங்குகிறது. எழுதிய கைதான் இல்லை.

அவருடைய இன்னொரு பழக்கம் அலுவலகத்தாருக்கு மட்டும் தெரியும். சந்தேகப்பட்ட சரக்கில் கொஞ்சம் எடுத்துப் பழுப்பு உறையில் போடுவார். உறைமேல் தேதி, கடை, பொருள், பலகையில் போட்ட ஊர், தன் கண்ணில் பட்டது, எல்லாம் எழுதுவார். பென்சிலால் எழுதுவார். கடைக்காரரிடம் போய் நேருக்கு நேர் சொல்லி, அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்டு, ஆராய்ச்சிக்கூடத்து முடிவும் வந்த பிறகுதான் அதே எழுத்தின்மேல் மைப்பேனாவால் எழுதுவார். "பென்சில்ல இருந்தா சந்தேகம். மையில இருந்தா குத்தம். நடுவுல ஒருத்தர் வீட்டுக் கதவத் தட்டணும்" என்பது அவர் கணக்கு.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் என் கதவைத் தட்டினார். இது உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். இளசுகளுக்காகச் சொல்கிறேன்.

முன்னோர் படையலுக்குப் பெரணிக் கீரை வைக்காத வீடு உண்டா? வருஷம் முழுக்க எந்த நாட்டு மாட்டையும் தின்போம், எந்த நாட்டு மீனையும் தின்போம். படையல் தட்டில் மட்டும் பெரணி நம் மேபோங் மலையில் முளைத்ததாக இருக்க வேண்டும்! செத்துப்போன அப்பாவுக்கு அந்நிய மண் ஆகாது! அதனால்தான் பண்டிகை வந்தால் மலைப் பெரணி விலை மலை ஏறிவிடும். அந்த வருஷம் மழையில் பாதி பெரணி அழுகிவிட்டது. நான் துறைமுகத்துக்குப் போய் நாலு மூட்டை சீனப் பெரணி வாங்கிவந்து, மேபோங் மலை என்று அட்டை குத்தினேன்.

அவர் வந்தார். என் கடை வாசலில் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கைப்பிடி பெரணியை மடியில் போட்டுக்கொண்டு, தண்டு தண்டாக எடுத்து அடிநுனியைப் பார்த்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். நான் நெருப்பாக நின்றேன்.

"என்ன ஆபீசரய்யா, ஜோசியம் பாக்கறீங்களா?"

"மலையேறிப் பறிக்கறவங்க நகத்தால கிள்ளி ஒடிப்பாங்கக்கா. அடி பிசிறு பிசிறா இருக்கும். இதப் பாருங்க. வழவழன்னு சீவின மாதிரி இருக்கு. இதப் பறிச்ச கையில கத்தி இருந்துருக்கு."

"இருந்தா என்னவாம்? செத்தவங்க எந்திரிச்சு வந்து ருசி பாக்கப் போறாங்களா?"

அவர் கோபப்படவில்லை. தண்டுகளை அடுக்கித் திரும்ப மூட்டையில் வைத்தார்.

"அவங்களால பாக்க முடியாதுக்கா. அதனாலதான் என்னைச் சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்க."

மூன்று நாள் பென்சில். நான்காம் நாள் மை. என் பெயரும் கடைப் பெயரும் மாவட்ட அலுவலகப் பலகையில் ஒரு வருஷம் தொங்கின. அவர்மேல் கோஸ் அலசிய தண்ணீரை ஒரு வாளி ஊற்றினேன். நனைந்த சட்டையோடு, "நாளைக்கி கையெழுத்துப் போட வரணும்க்கா, மறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் என் கடையில் ஈ கூட உட்காரவில்லை.

அடுத்த சூசோக். ஆள் இல்லாத கடையில் நான் விசிறிக்கொண்டிருக்கிறேன். யார் வந்து நின்றது? இவர்தான்! பணப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு!

"அப்பா படையலுக்குப் பெரணி குடுங்கக்கா."

"என்ன, குத்திக் காட்ட வந்தீங்களா?"

"இல்லக்கா. ஊர்லயே உங்க கடைதான் ஒவ்வொரு தண்டா நான் பாத்த கடை. வேற எங்க போய் நம்பி வாங்குவேன்?"

ஊரே பார்க்க வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் என் கடை வாசலில் கூட்டம். பண்டிகை முடிந்து ஒரு மாதம் கழித்து நானே அலுவலகத்துக்குப் போய் மஞ்சள் சட்டை கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு பண்டிகை, புத்தாண்டும் சூசோக்கும், இரண்டு முறையும் அவர் வீட்டுப் பெரணி என் கடைப் பெரணி. ஒருமுறையாவது ஒரு தண்டு கூட இலவசமாக வாங்கியிருப்பாரா? மூச்!

இதுவரை நான் சொன்னது எல்லாம் நீங்கள் கைதட்டக் கூடியது. இதற்கு முன்னால் பேசியவர்களும் இதைத்தான் சொன்னார்கள். யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர், அண்ணன் கடையானாலும் அதே சட்டம், அதிகாரி கடையானாலும் அதே சட்டம் என்றார்கள். உண்மைதான். ஆனால் நான் இந்த மேடைக்கு ஏறியது அதற்காக அல்ல. இன்று நாற்பத்தொன்பதாம் நாள். போனவர்கள் இன்று மாலை வரைக்கும் நம் நடுவில் இருப்பார்கள், அதற்கப்புறம் கிளம்பிவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும்.

சடங்கு மண்டபத்தில் அவரை வைத்திருந்த இரண்டாம் நாள் போனேன். வாசலில் நம் அதிகாரி நா யுன்சோல் அழுதுகொண்டே மலர் வளையங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பூவைத் திரும்பப் பயன்படுத்தினால் சீட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதல்லவா? சீட்டு இல்லாமல் இரண்டு வந்திருந்தது. "அவரு இருந்தா மொதல்ல இதத்தான் பாத்துருப்பாரு அத்தை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் எனக்குக் கடைசியாக உறைத்தது.

உள்ளே போய் அவர் படத்துக்கு முன்னால் மண்டியிட்டேன். படையல் தட்டு. சோறு, சூப்பு, மீன், மூன்று வகைக் கீரை. பெரணியைப் படையல் முறைப்படி நறுக்காமல் முழுத் தண்டாகவே வதக்கி வைத்திருந்தார்கள். பதினெட்டு வருஷப் பழக்கம், கண் தானாக அடிநுனிக்குப் போயிற்று.

வழவழவென்று இருந்தது. ஒவ்வொன்றும்.

மியோங்ரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஒங்க கடைல வாங்கினதுதான்க்கா. வேற எடத்துப் பெரணின்னா அவரு தொட மாட்டாரே." நான் தலையாட்டினேன். எழுந்து வந்து, மற்றவர்களோடு உட்கார்ந்து, காரச் சூப்பு ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தேன்.

மூட்டு அறுவை சிகிச்சைக்கு அப்புறம் மூன்று வருஷமாகக் கடையை என் மகன் கியூஹோதான் பார்க்கிறான். அன்று மண்டபத்திலிருந்து நேரே கடைக்குப் போனேன்.

"குழுத்தலைவர் படையலுக்குப் போன பெரணி எந்த மூட்டைலேருந்து குடுத்த?"

"எல்லாம் ஒரே மூட்டைதான்மா."

"எந்த ஊரு மூட்டை?"

"சீனாதான். இப்ப எதுக்கு அதெல்லாம்? மலையேறிக் கிள்ளறதுக்கு ஆளு எங்க இருக்கு? முழங்கால் இருக்கறவன் எல்லாம் பட்டணம் போய்ட்டான். யாவாரம் பண்ணணும்னா இப்படித்தான்."

"எத்தன நாளா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். "செத்தவங்க எந்திரிச்சு வந்து ருசி பாக்கப் போறாங்களாம்மா?"

கேட்டீர்களா அந்த வார்த்தையை? எங்கே கற்றான் அவன்? எந்தப் பள்ளிக்கூடத்தில்? என் கடையில், என் வாயில்! அன்றைக்கு நான் அதைச் சொன்னபோது இருபது வயதில் என் பின்னால் நின்று கேட்டவன்தானே! நான் அவனை அடிக்கவில்லை. அடிக்கக் கை எழவில்லை. மூட்டையைக் கட்டி உள்ளே போடு என்றேன். போட்டான். அவ்வளவுதான் செய்தேன். பதினெட்டு வருஷம் மஞ்சள் சட்டை போட்டவள், யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

முணுமுணுப்பு கேட்கிறது. கேட்கட்டும். மூன்று வருஷத்துப் படையலில் உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எங்கள் கடைப் பெரணி வைத்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் எல்லோர் முன்னாலும் தலை குனிகிறேன். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் முடியவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் மியோங்ரே என் வீட்டுக்கு வந்தார். அலுவலக மேசையைக் காலி செய்து கொடுத்தார்களாம். அடி இழுப்பறையில், தனியாக, ஒரு பழுப்பு உறை. "ஒங்க கடைப் பேரு போட்டுருக்குக்கா, என்னன்னு தெரியல" என்று கொடுத்தார். இதோ, என் கையில் இருப்பது அதுதான். பின்வரிசைக்குக் கேட்கும்படி படிக்கிறேன். தேதி, இந்த வருஷப் புத்தாண்டுக்கு முந்தின நாள். கடை, ஓக்சூன் காய்கீரைக் கடை. பொருள், பெரணி, பத்துத் தண்டு. அட்டையில் போட்டது, மேபோங் மலை. கண்டது, கத்தி வெட்டு. உரிமையாளரிடம் சொன்ன நாள். அங்கே ஒன்றும் இல்லை. வெறுமை. எல்லாம் பென்சில்.

எட்டு மாதம்! எட்டு மாதம் அவருக்குத் தெரிந்திருக்கிறது!

நான் மியோங்ரேயிடம் கேட்டேன், அந்தப் புத்தாண்டுக்குப் படையலில் பெரணி வைத்தீர்களா என்று. "இல்லக்கா. அந்தத் தடவ மட்டும் வெக்கல. ஏன்னு கேட்டதுக்கு, ஈரம் பட்டு வீணாப் போச்சுன்னாரு." ஈரம் படவில்லை. வீணாகவும் போகவில்லை. உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் ஊரின் பொய்யையெல்லாம் கிழித்துப் போட்ட மனிதர், தன் வீட்டில், தன் மனைவியிடம், ஒரு பொய்ச் சீட்டு ஒட்டினார். யாருக்காக? என் கடைக்காக.

இப்போது ஆரஞ்சு. புத்தாண்டு முடிந்த நாலாம் நாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். வாழ்நாளில் ஒரு பழம் வாங்காதவர், ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். நான் சந்தோஷத்தில் என்ன ஏதென்று யோசிக்கவில்லை.

"மூட்டு எப்டி இருக்குக்கா?"

"இரும்பு வெச்சுருக்கான் தம்பி. மழை வர்றதுக்கு மொத நாளே சொல்லிடுது. வானொலியே வேண்டாம்."

"கடைப் பக்கம் போறதில்லியா?"

"நான் எதுக்கு? கியூஹோ என்னவிட நல்லாப் பாத்துக்கறான். கெட்டிக்காரன். ஒங்களுக்கு இந்தத் தடவ நல்ல பெரணியாக் குடுத்தானா?"

அவர் ஒரு ஆரஞ்சை உரித்தார். சுளைமேல் ஒட்டிய வெள்ளை நாரையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்று கூட விடாமல் எடுத்து, அந்தப் பழத்தை என் முன்னால் வைத்தார்.

"குடுத்தான்க்கா."

அப்புறம் நான் என் முழங்காலைப் பற்றிப் பேசினேன். வைத்தியரைப் பற்றிப் பேசினேன். மருமகளைப் பற்றிப் பேசினேன். ஒரு மணி நேரம் பேசினேன். அவர் கிளம்பும்போது வாசலில் நின்று, "அக்கா" என்றார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல. படியில பனி ஒறஞ்சுருக்கு, பாத்து எறங்குங்க" என்றார்.

கதவைத் தட்டியிருக்கிறார். தட்டிவிட்டார்! நான்தான் திறந்து வைத்துக்கொண்டு என் முழங்காலைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

அவர் செய்தது சரியா, தப்பா? எனக்குத் தெரியாது. என்மேல் வைத்த பாசமா, இன்னொரு நாள் சொல்லலாம் என்ற தயக்கமா? அதுவும் தெரியாது. ஓய்வு பெறுவதற்குள் சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் காரை நிறுத்தினாரே, என் கடைக்கு நேர் எதிர் வாசலில் நிறுத்தினாரே, அன்றைக்குச் சொல்லத்தான் வந்தாரோ என்னவோ. இதை நினைத்தால் கூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு மரக்கட்டையாகக் கிடக்கிறது. ஆனால் ஒன்று தெரியும். யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் என்று இன்று ஆறு பேர் இந்த மேடையில் சொன்னீர்கள். அது பொய்யாகக் கூடாது. அவர் பெயரின் மேல் ஒட்டிய சீட்டு அது. அதை உண்மையாக்க இந்த ஊரில் என் ஒருத்தியால்தான் முடியும்.

அவர் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நல்லது. அவர் விட்ட இடம் எது? சிலையா? அவர் பெயரில் விருதா? அவர் விட்ட இடம் இதோ, இந்த உறை! இந்த ஒரு வெற்றுக் கோடு! வேறு எங்கிருந்து தொடர்வீர்கள்?

நா யுன்சோல், எழுந்து வா அம்மா. மேடைக்கு வா. அழாதே, வா. உரிமையாளரிடம் சொன்ன நாள் என்ற இடத்தில் இன்றைய தேதியை நான் இன்று காலை எழுதினேன். பென்சிலால் அல்ல, மையால். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கியூஹோவின் பெயரைத் தேடாதே. கடை உரிமம் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. உள்ளே கட்டிப் போட்ட மூட்டை, ஒரு பிடி தவிர, அப்படியே இருக்கிறது. நாளைக் காலை வந்து எடுத்துக்கொள், ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பு. மாவட்ட அலுவலகப் பலகையில் என் பெயரை மறுபடி தொங்கவிடு. எழுத்து சின்னதாக இருந்தால் சண்டைக்கு வருவேன். மஞ்சள் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். இதையும் வாங்கிக்கொள்.

கியூஹோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். கடை இனி இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், அவன் முன்வாசலில் நிற்பான். அவனை யாரும் திட்ட வேண்டாம் என்று நான் கேட்கப்போவதில்லை. தண்ணீர் ஊற்றுவதானால் என்மேல் முதலில் ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. இன்று படையல் தட்டில் பெரணி வைக்கும் பொறுப்பை மியோங்ரே எனக்குக் கொடுத்தார். எல்லாம் தெரிந்த பிறகுதான் கொடுத்தார். நான் இந்த முழங்காலோடு மேபோங் அடிவாரத்தில் மூன்று ஊர் ஏறி இறங்கினேன். கையால் கிள்ளியது ஒரு பிடி கூட மிச்சமில்லை, எல்லாம் சூசோக்குக்கே விற்றுப்போயிற்று என்றார்கள். வைக்காமல் விடலாமா? வேறொன்றை வைத்து மூடலாமா? எள்ளுக்காரரிடம் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த மூட்டையிலிருந்தே ஒரு பிடி எடுத்து வதக்கினேன். தட்டில் வைத்தேன். பக்கத்தில் என் கையால் ஒரு அட்டை எழுதி வைத்திருக்கிறேன். பின்வரிசையிலிருந்தே தெரியும்.

பெரணி, சீனா.

குழுத்தலைவர் பாங் கில்ஜூ அவர்களே! என் தம்பி! மாலை ஆவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

தெரியுதா?